அலை நேரம் பார்த்தீர்களா? நடை, பறவை, கேமரா: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பூநாரை (ஃபிளமிங்கோ) பற்றி, கால்வாசி மழைக்காலம் பற்றி. மீதியில் ஒன்று எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டது. அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் போயிருக்கிறது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். படம் அனுப்புகிறவர்கள் இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். இப்போதும் சொல்கிறேன்.

கேள்வி (செம்பூர்): பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு மும்பைக் கிழக்குக் கரையில் இருக்கும் சிவ்ரி போனோம். பூநாரை ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றார்கள். தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கோடுதான் தெரிந்தது. சீசன் முடிந்துவிட்டதா?

பிப்ரவரியில் எப்படி முடியும்? நவம்பர் வாக்கில் வர ஆரம்பித்து மே வரை இருக்கும். நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள், அலை அட்டவணையைப் பார்க்கவில்லை. பூநாரைக்கு ஞாயிறும் கிடையாது, பத்து மணியும் கிடையாது. கடல் வற்றிக் கிடக்கும்போது அது தண்ணீர் விளிம்போடு ஒட்டி வெகு தூரம் உள்ளே போய்விடும். தண்ணீர் ஏற ஏறக் கரைப் பக்கம் வரும். முழு ஏற்றத்தில், அதாவது ஹை டைடில், மேய்வதற்குச் சேறே இருக்காது. கிளம்பி நவி மும்பைக் குளங்கள் பக்கம் போய்விடும். அதனால் ஏற்றம் உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன ஞாயிறு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் படங்களை அள்ளிக்கொண்டு வந்தார் என்று இந்த ஞாயிறு அதே பத்து மணிக்குப் போனால் உங்களுக்கு வற்றம்தான் கிடைக்கும்.

குழந்தைகள் இருந்தால் ஐரோலிக்குப் போங்கள். அங்கே வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து தாணே கழிமுகத்துக்குள் படகு விடுகிறார்கள். சுமார் 17 சதுர கிலோமீட்டர் பூநாரைச் சரணாலயம் அது. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. படகும் அலையைப் பார்த்துத்தான் கிளம்பும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (அந்தேரி): இணைத்துள்ள படத்தில் இருப்பது என்ன பறவை?

பறவை என்பது வரை தெரிகிறது. இடம் இல்லை, தேதி இல்லை, நேரம் இல்லை. ஃபோகஸ் முழுக்க இலையில் இருக்கிறது. மரம் தூங்குமூஞ்சி மரம்.

கேள்வி (மாட்டுங்கா): வயது 66. முழங்கால் தேய்மானம். டாக்டர் நடக்கச் சொல்கிறார். ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. பேரன் தன் பழைய கேமராவைக் கொடுத்திருக்கிறான். வேறு எங்கே போகலாம்?

அம்மா, உங்களுக்கு மிகப் பக்கத்திலேயே மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது, சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில், தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே. ஒரு காலத்தில் ஊர்க் குப்பை கொட்டிய மேடு. இன்றைக்கு 37 ஏக்கர் காடு. பின்பக்கம் மித்தி ஆறும் அலையாத்தி மரங்களும். பாதையில் அதிக ஏற்ற இறக்கம் இல்லை, நிழல் உண்டு, பட்டாம்பூச்சிகள் ஏராளம். பட்டாம்பூச்சிக்குக் காலை எட்டரை ஒன்பதுக்கு மேல் போனால் போதும், வெயில் பட்டால்தான் அவை எழும். விடியற்காலையில் அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு இடம் பைகுல்லா மிருகக்காட்சிசாலை, அதாவது ராணி பாக். எல்லாரும் பென்குயின் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் மரம் பார்க்கப் போங்கள். 1860-களில் தாவரத் தோட்டமாக ஆரம்பித்த இடம். அங்கே இருக்கும் பெருக்க மரத்தின் அடித்தண்டை ஒரு படத்துக்குள் அடக்குவதே ஒரு வேலை. புதன்கிழமை விடுமுறை.

ஆனால் ஃபைவ் கார்டன்ஸை விட்டுவிடாதீர்கள். ஒரே பாதையில் வருஷம் முழுக்க நடந்தால்தான் எந்த மரம் எந்த வாரம் பூக்கிறது, குக்குறுவான் எப்போது கூவ ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் பிடிபடும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் வாரைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே திரையைப் பார்க்க வேண்டாம். நின்று பாருங்கள். விழுந்தால் படம் போகாது, இடுப்பு போகும்.

கேள்வி (முலுண்ட்): ஆறு மாதமாக வாராவாரம் பறவை பார்க்க நான்கு மணி நேரம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஏன்?

நான்கு மணி நேரம் நடக்கவில்லை, நின்றீர்கள். பறவை பார்க்கிறவனின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் அதிசயம். அப்புறம் திரும்பும் வழியில் வடாபாவ் வேறு இருந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் நடை வேண்டும் என்கிறது. கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் முதல் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடங்கள். பறவை கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள். பிறகு மெதுவாகப் போகலாம். மற்ற நாட்களிலும் நடக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் போதாது.

கேள்வி (டோம்பிவிலி): பட்ஜெட் 80 ஆயிரம். எந்தக் கேமரா வாங்கலாம்? உடனே பதில் வேண்டும்.

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. பூச்சியா, பறவையா, மலையா? இதுவரை எத்தனை தடவை வெளியே போயிருக்கிறீர்கள்? அதையும் எழுதவில்லை. உடனே பதில் வேண்டுமென்றால் இதுதான்: கேமரா வாங்காதீர்கள். பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு 8x42 பைனாகுலர் வாங்குங்கள், போனில் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஒரு மழைக்காலம், ஒரு குளிர்காலம் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் கை துறுதுறுக்கிறது என்றால் மீதி எழுபதாயிரம் எங்கும் ஓடிவிடாது. பரணில் தூங்கும் பெரிய லென்ஸ்கள் இந்த ஊரில் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி (வாஷி): பறக்கும் பறவை எல்லாம் கலங்கலாக வருகிறது.

ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

கேள்வி (தாணே): ஜூலையில் கர்நாலா போனோம். ஓடிகேஎஃப் (ஓரியண்டல் ட்வார்ஃப் கிங்ஃபிஷர்) கூடு ஒன்றை நண்பர் காட்டினார். மூன்று மணி நேரம் காத்திருந்தும் பறவை ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் இலை மறைவில். கூட்டின் முன்னால் இருக்கும் இலைகளைக் கொஞ்சம் ஒதுக்கினால் தவறா? குரலைப் போட்டுக் கூப்பிட நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் எது?

தவறு. இரண்டும் தவறு. நீங்கள் கேட்டதைவிட, இதைக் கேட்கலாம் என்று தோன்றியதே எனக்கு வருத்தம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓரியண்டல் ட்வார்ஃப் கிங்ஃபிஷர் என்பது 20 கிராம்கூட எடை இல்லாத மீன்கொத்தி. ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று பார்த்தவர் கண்ணை எடுக்க மாட்டார். தென்மேற்குப் பருவமழையோடு கொங்கண் காடுகளுக்கு வந்து, ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டி, நாலைந்து முட்டை இடும். தாயும் தகப்பனும் மாறி மாறி அரணை, பல்லி, சின்ன நண்டு, தவளை என்று கொண்டுவந்து ஊட்ட வேண்டும். மழை விடும் இடைவெளியில்தான் வேட்டை. அந்த இடைவெளியில்தான் நீங்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மூன்று மணி நேரத்தில் ஏன் ஒரே தடவை வந்தது என்று யோசித்தீர்களா? நீங்கள் இருந்ததால். வாயில் இரையோடு பக்கத்துக் கிளையில் எங்கோ அது உட்கார்ந்திருந்திருக்கும். வளைக்குள் குஞ்சுகள் பசியோடு இருந்திருக்கும். இலைகள் அங்கே தற்செயலாக இல்லை. பாம்பு, உடும்பு, காக்கை எல்லாவற்றிடமிருந்தும் அந்த வாசலை மறைக்கும் திரை அது. உங்கள் படத்துக்காக அதை ஒதுக்கிவிட்டு நீங்கள் மாலையில் தாணே திரும்பிவிடுவீர்கள், வாசல் திறந்தபடி கிடக்கும். குரல் போட்டாலோ, இன்னொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

சட்டமும் சொல்கிறேன், ஏனென்றால் சிலருக்கு அதுதான் புரிகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு இருக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கி தேவையில்லை. கர்நாலா 1968-லிருந்து சரணாலயம். அங்கே செடி கொடியை வெட்டுவது தனிக் குற்றம்.

கடைசியாக அந்த நண்பர். கூடு இருக்கும் இடத்தைக் காட்டுகிறவர் நண்பர் இல்லை. ஒருவர் காட்டுவார், அவர் நாலு பேரை அழைத்து வருவார், அடுத்த ஞாயிறு ஒரே வளைக்கு முன்னால் பத்து முக்காலி வரிசையாக நிற்கும். வாகாக வந்து உட்காரட்டும் என்று வாசலுக்கு எதிரே குச்சி நட்டு வைப்பதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே படம், ஒரே குச்சி, ஒரே பல்லி. இதில் என்ன பெருமை? ஓடையிலிருந்து தள்ளி நல்ல பாதையில் நடந்து, தற்செயலாக அது தலைக்கு மேல் கீச்சென்று கடந்து போனால், அன்றைக்கு உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். எந்தப் பறவையின் கூட்டுக்கும்.

கேள்வி (கோரேகாவ்): சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் அதிகாலை நடக்க ஆசை. சிறுத்தை பயம்.

சுமார் 104 சதுர கிலோமீட்டர் காட்டிலும் அதைச் சுற்றியும் ஐம்பது சிறுத்தை போல இருக்கின்றன. நீங்கள் பார்ப்பதைவிட அவை உங்களைப் பார்ப்பதுதான் அதிகம். காலை நடைக்காரர்கள் போகும் தார் சாலையிலேயே, நாலு பேராக, பேசிக்கொண்டே நடங்கள். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். பூவைப் படமெடுக்கிறேன் என்று புதர் ஓரம் வெகுநேரம் குந்தி உட்காராதீர்கள். உட்கார்ந்த மனிதன் அதற்குச் சின்னப் பிராணியாகத் தெரிவான். குழந்தைகளை முன்னால் ஓடவிட வேண்டாம். உள்பாதைகளுக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. திங்கட்கிழமை பூங்கா மூடியிருக்கும், கேட் வரை போய்த் திரும்பிவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி (காந்திவலி): மழைக்காலத்தில் லென்ஸை அரிசி டப்பாவில் வைத்தேன். ஆனாலும் பூஞ்சை வந்துவிட்டது.

அரிசியைச் சாதம் வடிக்க வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மாவுத்தூளைத்தான் லென்ஸுக்குள் தள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். அடிக்கடி வெளியே எடுத்து வெயில் காட்டுவதும் நல்லது; பீரோவிலேயே கிடக்கும் லென்ஸுக்குத்தான் பூஞ்சை சீக்கிரம் வரும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுக்காதீர்கள், பையை மூடியபடியே 20 நிமிடம் விடுங்கள். வந்த பூஞ்சைக்குப் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வீட்டில் கழற்றாதீர்கள்.

கேள்வி (சயான்): பத்து வயது மகளுக்குக் கடல் உயிரினங்கள் மீது ஆர்வம். மும்பைக் கடல் அழுக்காயிற்றே, எதுவும் இருக்குமா?

இருக்கிறது, ஆச்சரியப்படுவீர்கள். ஹாஜி அலி, மரீன் லைன்ஸ் பக்கப் பாறைகளில் கடல் நன்றாக வற்றும் நாளில் போனால் கடல் சாமந்தி, கடல் நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு எல்லாம் பார்க்கலாம். மறுபடியும் அலை அட்டவணைதான்: வற்றம் அரை மீட்டருக்குக் கீழே காட்டும் நாளாகப் பாருங்கள், வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள், தண்ணீர் திரும்பியதும் ஏறிவிடுங்கள். 2017-இல் தொடங்கிய மரீன் லைஃப் ஆஃப் மும்பை குழுவினர் நடத்தும் நடைகள் உண்டு. முதல் தடவை அவர்களோடு போவது உத்தமம். பிடிப்புள்ள பழைய ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். எதையும் கையில் எடுக்கக் கூடாது என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கூம்பு வடிவ நத்தைகளுக்கு விஷம் உண்டு. மழைக்காலத்தில் ஜூஹூ மணலில் நீல பலூன் போல ஒதுங்கும் கடலுயிரையும் தொட வேண்டாம்.

கேள்வி (செம்பூர், இன்னொருவர்): மாஹுல் பக்கம் பூநாரை எடுக்கப் போனால் காவலர் கேமராவை மூடச் சொல்கிறார். புகார் செய்யலாமா?

ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அப்பால் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம். அங்கே 600 எம்எம் லென்ஸைத் தூக்கினால் காவலர் சும்மா இருப்பாரா? மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். பைனாகுலரையும்தான். ஐரோலி படகு டிக்கெட் வாங்குங்கள், அலை நேரம் பார்த்து.