ஈர நீராவியை அளக்க பிரஷர் கேஜும் தெர்மாமீட்டரும் போதாதா?

நீராவி டர்பைனின் கடைசி பிளேடு வரிசைகளில் வருவது ஈர நீராவி, அதாவது தண்ணீர்த் துளிகள் கலந்த நீராவி; அதன் ஓட்டம் கண நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கிறதாமே, அதை கேஜும் தெர்மாமீட்டரும் வைத்து அளக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது.

எனக்கு ஊர் குன்னூர். எங்கள் மலையில் பைக்காரா, குந்தா எல்லாமே தண்ணீர் டர்பைன்கள். நீராவி டர்பைன் பார்க்க மேட்டூருக்குத்தான் இறங்க வேண்டும். என் வேலையும் கீழே ஓர் அனல்மின் நிலையத்தில், கருவிகள் பிரிவில்.

நீராவி குளிர்ந்து தண்ணீராகும் கண்டென்சர் பக்கம் அழுத்தம் 0.1 பார் என்றால், நீராவியில் 2 சதவீதம் தண்ணீர் இருந்தாலும் 12 சதவீதம் இருந்தாலும் தெர்மாமீட்டர் அதே 46 டிகிரியைத்தான் காட்டும். ஈரம் தெரியாமல் திறனைக் கணக்குப் போட முடியாது. ஒரு சதவீத ஈரத்துக்குத் திறனில் சுமார் ஒரு சதவீதம் போகும் என்பது பவுமான் விதி. பழசுதான், ஆனாலும் கைக்கணக்குக்கு அதுவே போதும்.

அப்புறம் வேகம். நிமிடத்துக்கு 3000 சுற்று, வரிசையில் 60 பிளேடு என்றால் நொடிக்கு 3000 பிளேடு கடக்கிறது. ஓட்டத்துக்குள் நீட்டி அளக்கும் குச்சிதான் புரோப். சாதாரண புரோப்பில் அழுத்தம் நீளமான சன்னக் குழாய் வழியே சென்சாருக்கு வருவதற்குள் ஏற்ற இறக்கம் அடங்கி, சராசரி மட்டுமே மிஞ்சும். சரி, சென்சாரை நுனிக்குள்ளேயே வைத்தால்? துளையில் துளி போய் உட்கார்ந்துகொள்ளும்.

மழைக்குளிரில் பைக் ஓட்டி வந்து, பால் கொதிக்கிற டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். கண்ணாடி சூடாக இருந்தால் படியாது. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் செய்ததும் இதுதான்: புரோப் நுனியில் குட்டி ஹீட்டர் வைத்து, நீராவியைவிடச் சில டிகிரி சூடாகவே வைத்திருந்தார்கள். துளி விழுந்தாலும் ஆவியாகிவிடும். கேட்க எளிது, சூட்டுக்கு சென்சாரின் ரீடிங்கும் நகருமே, அதைத் திருத்துவதுதான் பெரிய வேலை.

துளியின் அளவைப் பார்க்க ஒளிப் புரோப். வெவ்வேறு அலைநீள ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகளைக் கணக்கிடலாம். பிளேடை அரிப்பது வேறு ரகம்: சுழலாமல் நிற்கும் நிலைப் பிளேடுகளில் படிந்து, பின் விளிம்பில் பிய்ந்து வரும், பல பத்து மைக்ரான் துளிகள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஒளி மங்குவதில் அவை சிக்காது, கேமரா வேண்டும்.

இதெல்லாம் சோதனை டர்பைனில் நடக்கும். ஓடுகிற யூனிட்டின் கேசிங்கில் புதிதாக ஓட்டை போட எந்த நிலையத்தில் சம்மதிப்பார்கள்? எங்களுக்கு வாய்ப்பது ஓவர்ஹாலில் திறந்து பார்ப்பதுதான். பெரிய துளிகள் மெதுவாக வருவதால் சுழலும் பிளேடு தன் முதுகால், அதாவது புடைத்த பக்கத்தால், போய் இடிக்கும். நுனிக்குப் பக்கத்தில் முன் விளிம்பு, அந்த முதுகுப் பக்கமாகத்தான் பல் பல்லாகக் கரைந்திருக்கும்.