செவ்வாயின் வானம் நீலமாகிவிட்டதா? ஆட்டோ கலரைத் தொடாதீர்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆடியிலும் தவக்காலத்திலும் கல்யாண ஆர்டர் இருக்காது. அந்த நாட்களில் நாசா இலவசமாக வெளியிடும் செவ்வாய்ப் படங்களை இறக்கிப் பார்ப்பது வழக்கம். போன வாரம் செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டியான பெர்சிவரன்ஸ் ரோவர் எடுத்த ஒரு படத்துக்கு போட்டோஷாப்பில் ஆட்டோ கலர் கொடுத்தேன். வானம் நீலமாகிவிட்டது. வாட்ஸப் குரூப்பில் போட்டால், "இது தனுஷ்கோடி அரிச்சல்முனைதானே அண்ணே?" என்று கிண்டல். எதுதான் நிஜ நிறம்? சில படங்கள் கறுப்பு வெள்ளையில் பொடிப்பொடிக் கட்டமாக வருவது ஏன்? பனோரமா ஒட்டினால் ரோவருக்குப் பக்கத்தில் மட்டும் பிசகுகிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: கிண்டலுக்கு வருத்தப்படாதீர்கள். இந்தத் தப்பை உங்களுக்கு முன்னால் செய்தவர்கள் வைக்கிங் விண்கலத்தை அனுப்பியவர்களே. 1976 ஜூலை 20-ஆம் தேதி வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. மறுநாள் வந்த முதல் வண்ணப் படத்தை, வானம் என்றால் நீலமாகத்தானே இருக்கும் என்ற நினைப்பில் அப்படியே சரிசெய்து வெளியிட்டார்கள். பிறகு கலத்தின் மேலேயே பொருத்தியிருந்த நிறத் தட்டை வைத்துச் சரிபார்த்தபோதுதான், வானம் இளஞ்சிவப்பு கலந்த காவி என்று தெரிந்தது. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நம் வானத்தை நீலமாக்கும் வேலையைச் செய்ய அந்தக் காற்று போதாது. மிதக்கும் துருநிறத் தூசிதான் வானத்துக்கு நிறம் கொடுக்கிறது.

ஆட்டோ கலர் என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் சராசரி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. கல்யாணப் படத்தில் வெள்ளை வேட்டி, வாழை இலை, அரக்குப் பட்டு என்று எல்லாம் கலந்திருப்பதால் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். செவ்வாயில் கல், மண், வானம், ரோவரின் சக்கரத்தில் ஒட்டிய தூசி எல்லாமே காவிதான். மென்பொருள் அதை வெளிச்சத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. மண்ணைவிட வானத்தில் காவி கொஞ்சம் குறைவு. அதனால் மண் சாம்பலாகும்போது வானம் நீலத்துக்குள் போய் விழுகிறது.

மண்டபம் ஊரில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கருவாடு காயும் இடத்தில் எப்போதாவது போனில் படம் எடுத்திருக்கிறீர்களா? நெத்திலி மொத்தமும் நீலம் பூத்துப்போய் இருக்கும். நேரில் நிற்கும்போது கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. இப்போது அந்தப் படத்தை இரண்டு விதமாகத் தரலாம். தார்ப்பாய்க்குக் கீழே விழுந்த வெளிச்சத்தை அப்படியே காட்டலாம். அல்லது அதே நெத்திலியை வெளியே வெயிலில் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படிக் காட்டலாம். இரண்டுமே நேர்மையான படங்கள்தான், கேட்கும் கேள்விதான் வேறு.

செவ்வாய்ப் படத்திலும் இதே இரண்டுதான். அங்கே நின்றால் கண்ணுக்கு ஏறக்குறைய எப்படித் தெரியும் என்பது இயல்பு நிறப் படம். அந்தப் பாறை நம் ஊர் வெயிலில் கிடந்தால் எப்படி இருக்கும் என்பது வெள்ளைச் சமன் செய்த படம். பூமியில் பார்த்துப் பழகிய பாறைகளோடு ஒப்பிட வசதி என்பதால் நிலவியல் ஆட்கள் இரண்டாவதை விரும்புவார்கள். நாசாவே ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் வெளியிடுவது உண்டு. அதனால் உங்கள் நீல வானத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை. 'வெள்ளைச் சமன் செய்தது' என்று கீழே எழுதிவிட்டால் சரி. 'நிஜ நிறம்' என்று போட்டால்தான் வம்பு. ஆனால் அந்தச் சமனையும் கண்ணளவில் செய்யாமல் ஓர் ஆதாரத்தை வைத்துச் செய்யுங்கள்.

ஆதாரம் ரோவரின் முதுகிலேயே இருக்கிறது. நீங்கள் ஸ்டுடியோவில் சாம்பல் அட்டை வைப்பது போல, சாம்பல் வளையங்களும் நிறப் பொட்டுகளும் கொண்ட ஒரு சிறு தட்டு. அந்தப் பொட்டுகளுக்கு அடியில் வளையக் காந்தங்களை வைத்திருக்கிறார்கள். செவ்வாய்த் தூசியில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் அதிகம். அவை வளையத்தைச் சுற்றிப் போய் ஒட்டிக்கொள்ள, நடுப் பகுதி ஓரளவு சுத்தமாக மிஞ்சும். தட்டின் படத்தில் பழுப்பு வளையத்துக்கு நடுவே ஒரு வெளிறிய வட்டம் தெரிகிறதா? நிறத்தை அளக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் படம் எடுத்த அதே செவ்வாய் நாளில், அதாவது அதே 'சோல்' எண்ணில், இடது, வலது இரண்டில் அதே கேமராக் கண் எடுத்த தட்டுப் படத்தைத் தேடுங்கள். அன்றைக்கு இல்லையென்றால் முன்பின் ஓரிரு நாளில் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, சாம்பல் பொட்டின் நடுவில் சிவப்பு 180, பச்சை 165, நீலம் 120 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸைத் திறந்து பச்சைச் சேனலின் வலது முக்கோணத்தை 234-க்கும் நீலத்தினுடையதை 170-க்கும் இழுத்தால் மூன்றும் 180-க்கு வந்துவிடும். அதே எண்களை உங்கள் காட்சிப் படத்துக்கும் கொடுங்கள். இடது முக்கோணத்தையும் நடு முக்கோணத்தையும் தொடவே தொடாதீர்கள். ஒரு புள்ளியைத் தொட்டுச் சாம்பலாக்கும் ஐட்ராப்பரும் வேண்டாம், அது நடு நிறங்களை வளைத்துவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ரோவர் அனுப்பும் எண்கள் வெளிச்சத்தின் அளவை நேராகச் சொல்வதில்லை. தரவைச் சிக்கனமாக அனுப்புவதற்காக, பெரும்பாலும் வெளிச்சத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிய எண்ணாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். 200 என்ற எண் 100-ஐப் போல இரு மடங்கு வெளிச்சம் அல்ல, கிட்டத்தட்ட நாலு மடங்கு. சேனலை ஓர் எண்ணால் பெருக்குவதை இந்தச் சுருக்கம் தாங்கிக்கொள்ளும். கூட்டினாலோ வளைத்தாலோ நிழலில் ஒரு நிறமும் வெயிலில் ஒரு நிறமும் வந்து நிற்கும். வலது முக்கோணம் செய்வது வெறும் பெருக்கல்தான்.

இயல்பு நிறப் படத்துக்கு இந்தத் தட்டை இப்படிப் பயன்படுத்தக் கூடாது, அங்குள்ள வெளிச்சத்தின் காவியையும் அது துடைத்துவிடும். இயல்பு நிறம் வேண்டுமென்றால் கேமராவை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் பூட்டி எடுத்தது போல, கேமராவின் சொந்தக் கோணலை மட்டும் நீக்க வேண்டும். அப்படி அளவு திருத்திய கோப்புகள் சில மாதம் கழித்து நாசாவின் கிரகத் தரவுக் காப்பகத்தில் வரும். அவசரம் இல்லாதவர்களுக்கு அதுதான் நல்லது. கோப்புகள் பெரிசு, நாளுக்கு ஒன்றரை ஜிபி நெட் பேக்கில் இறக்குவதென்றால் ஒவ்வொன்றாகத்தான்.

அடுத்து, பொடிக் கட்டம். கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். நாலு பிக்சல் கொண்ட சதுரத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். உங்கள் டிஎஸ்எல்ஆரும் இதே பேயர் முறைதான், ரா கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் சத்தமில்லாமல் நிறத்தைப் பிரித்துவிடுவதால் நீங்கள் பார்த்ததில்லை. ரோவர் படங்களில் சில பிரிக்காமலேயே வெளியாகின்றன. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் இதற்கான ப்ளக்இன் உண்டு. பைத்தான் தெரிந்த பையன் யாராவது இருந்தால் ஓப்பன்சிவி என்ற படநிரல் தொகுப்பில் ஒரே வரி. பிரிக்கும்வரை படத்தின் அளவைக் குறைக்கவோ, திருப்பவோ, ஜேபெக்காக மறுபடி சேமிக்கவோ கூடாது. கட்டம் குலைந்தால் நிறம் போனது போனதுதான். பிரித்த பிறகு சிவப்பும் நீலமும் இடம் மாறித் தெரிந்தால் பேயர் வரிசையைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். வரிசை சரியாக இருந்தும் படம் பச்சை அடித்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன லெவல்ஸ் கணக்கில் அது போய்விடும்.

பனோரமா பிசகுவதற்குக் காரணம், கேமரா தன் லென்ஸை மையமாக வைத்துச் சுழல்வதில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு கம்பத்தைச் சுற்றுகிறது. தூரத்து மலைக்கு அது பொருட்டே இல்லை. காலடியில் இருக்கும் ரோவர் மேல்தளம் மட்டும் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். பனோரமா ஒட்டும் ஹகின் மென்பொருளில் இணைப்புப் புள்ளிகளை தூரத்துப் பாறைகளில் மட்டும் வையுங்கள். ரோவரின் உடலை ஒரே படத்திலிருந்து வெட்டி மேலே வைத்து மாஸ்க் போடுங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை. கோப்புப் பெயரின் தொடக்கத்தையும் பாருங்கள். பெர்சிவரன்ஸின் கம்பத்து கேமராவான மாஸ்ட்கேம்-இசட் படங்களில் இசட்எல் என்றால் இடக்கண், இசட்ஆர் என்றால் வலக்கண். இரண்டுக்கும் இடையே சுமார் 24 சென்டிமீட்டர். நான் ஆரம்பத்தில் இரண்டையும் கலந்து ஒட்டிவிட்டு, கணினிதான் பழசு என்று ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஜோடியை முப்பரிமாணமாகப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் இரண்டு கண்ணும் வேண்டும். இடதைச் சிவப்புச் சேனலிலும் வலதைப் பச்சை, நீலச் சேனல்களிலும் போட்டு, சிவப்பு-நீலக் கண்ணாடியில் பாருங்கள்.

படத்தைப் பகிரும்போது நாசா, ஜேபிஎல்-கால்டெக், கேமராவை நடத்தும் நிறுவனம் என்று மூலத்தில் உள்ள நன்றி வரியை அப்படியே போட்டு, பக்கத்தில் 'வண்ணத் திருத்தம்' என்று உங்கள் பெயரைச் சேர்க்கலாம். ஸ்டுடியோ பேனரில் நாசா முத்திரையைப் போடாதீர்கள்.

கை பழக ஒரு படம் சொல்கிறேன். க்யூரியாசிட்டி ரோவர் 2015 ஏப்ரல் 15 அன்று, அதன் 956-ஆவது சோலில், கேல் பள்ளத்திலிருந்து எடுத்த சூரிய அஸ்தமனம். சூரியனைச் சுற்றி நீலம் இருக்கும், அது நிஜம். நுண்ணிய தூசி நீல ஒளியை அதிகம் சிதறவிடாமல் முன்பக்கமாகவே அனுப்புவதால் சூரியன் இருக்கும் திசையில் மட்டும் நீலம் தேங்கி நிற்கிறது. அதை ஆட்டோ கலருக்குக் காட்டாமல் சமன் செய்து குரூப்பில் போடுங்கள். அரிச்சல்முனையில் சூரியன் நீலமாக மறைந்ததை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.