குளச்சல் பக்கம் நாய் ஓடி விளையாட வேலி எப்படி அடைப்பது?

குளச்சலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோப்பில் சிப்பிப்பாறை நாய்க்கு வேலி அடைக்க வேண்டும் என்கிறீர்கள். வேட்டை நாய் அது. 4 அடி வேலியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 6 அடியாவது வேண்டும்.

கடல் உப்புக்காற்றில் வெறும் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடிக்கும். பிவிசி பூசிய வலையும் கல்தூணும்தான் என் தேர்வு. செலவு கூடத்தான், சரி, தூண் துருப்பிடித்துச் சாயாதே! மணல் மண்ணில் நாய் எளிதாகத் தோண்டி வெளியேறிவிடும். அதனால் வலையின் அடியை உள்பக்கமாக மடக்கி, ஓரடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், தேங்காய் விழும். அரளிச்செடி இருந்தால் பிடுங்குங்கள், நாய்க்கு நஞ்சு. அப்புறம், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. தரையைச் சற்றுச் சரிவாக விட்டு, ஒரு மூலையில் கூரை போடுங்கள்.