கடைமுகப்பை மூடிய தகடு: அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய மாடிக் கடைவீடு ஒன்றை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்துச் சேலைக்கடை நடத்துகிறேன். மாடிச் சன்னல்கள் உட்பட முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடி, கடைப்பெயரைத் தமிழில் பெரிதாகவும் மலாயில் சிறிதாகவும் விளக்கெழுத்தில் வைத்தேன். அஞ்சடியை (கடைக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையை) தாண்டிக் கால்வாய்க்கு மேல்வரை தகரக் கூரை இறக்கி, மேசைகள் போட்டுத் துணி விற்கிறேன். எல்லாவற்றையும் 14 நாளில் அகற்றும்படி ஊராட்சி மன்றம் நோட்டீஸ் கொடுத்துள்ளது. உரிமத்தையும் புதுப்பிக்கவில்லை. கட்டட உரிமையாளர் தனக்குச் சம்பந்தமில்லை என்கிறார். மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: மேல்முறையீட்டுக்கு இப்போது இடமில்லை, அம்மா. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கட்டட மாற்றம் செய்பவர்களில், அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர் அல்லது அனுமதியோடு வந்த நிபந்தனையை ஏற்காதவர்தான் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும். அதுவும் முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள். நீங்கள் இன்னும் எதற்குமே விண்ணப்பிக்கவில்லை.

முதலில் நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று குறித்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கூரை, தகடு, பெயர்ப்பலகை மூன்றும் ஒரே தாளில் வந்திருந்தாலும் அவை வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை. 14 நாளுக்குள் மலாயில் பதில் கடிதம் கொடுங்கள். கூரையை எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள், பலகையை எப்போது மாற்றுவீர்கள் என்று எழுதி, முகப்புக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கேளுங்கள். கவுண்டரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னது நீதிமன்றத்தில் உதவாது.

கூரையையும் மேசைகளையும் காப்பாற்ற வழியில்லை, கடிதத்தில் சொன்ன தேதிக்குள் எடுத்துவிடுங்கள். அஞ்சடி உங்கள் கட்டடத்தின் மனை எல்லைக்குள் இருக்கலாம். ஆனாலும் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடைபாதை என்ற சொல்லுக்குள் அஞ்சடியையும் சேர்க்கிறது. அதை மறிப்பதும், எழுத்து அனுமதியில்லாமல் சாலையோரத் திறந்த கால்வாயை மூடுவதும் 46-ஆம் பிரிவில் குற்றம். 1984-ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் அஞ்சடிக்கு 2.25 மீட்டர் அகலம் கேட்கின்றன. தூண் நின்றாலும் நடக்க 1.65 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் தோட்டத்திலிருந்து வரும் வயதானவர்களும் பிள்ளைகளும் ஒதுங்கி நடக்கும் பாதை அது. அந்த இடத்துக்காக வாதாட நான் எவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன்.

முகப்புதான் சிக்கலான பகுதி. "உடைக்கவில்லை, தகடு மட்டும்தான் அடித்தேன்" என்று பலர் சொல்கிறார்கள். திட்டமிடல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு திட்ட அனுமதி இல்லாமல் செய்ய விடும் வேலை, கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் தொடுவதாகவும் வெளித்தோற்றத்தைக் குறிப்பிடும்படி மாற்றாததாகவும் இருக்க வேண்டும். சன்னல்களே தெரியாமல் மூடியது இந்த விலக்குக்குள் வராது. 26-ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை 500,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டாண்டுச் சிறை அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடும். இது உச்ச வரம்பு மட்டுமே. ஆனாலும் நோட்டீஸை அலட்சியம் செய்தவருக்கு நீதிமன்றத்தில் இரக்கம் கேட்பது கடினம்.

தகட்டைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். அல்லது கெபெனாரான் மெராஞ்சாங் எனப்படும் திட்ட அனுமதிக்கு மன்றத்தின் ஓ.எஸ்.சி. எனப்படும் ஒரே இட விண்ணப்பப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். நோட்டீஸ் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவில் வந்திருந்தால், அதன் கெடுவுக்குள் உரிமையாளர் அனுமதி கேட்க வழியுண்டு. இருக்கும் முகப்பு, செய்ய நினைக்கும் முகப்பு இரண்டின் அளவு வரைபடம், படங்கள், நிலப்பட்டா நகல், மதிப்பீட்டு வரி ரசீது, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் ஆகியவை தேவைப்படும். வரைபடத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரிடமோ கட்டட வரைவாளரிடமோ கொடுங்கள். பெயர்ப்பலகை செய்பவர் வரைந்த படம் செல்லாது. அதற்கு முன் உங்கள் தெரு உள்ளூர்த் திட்டத்திலோ சிறப்புப் பகுதித் திட்டத்திலோ என்ன வகையில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். முகப்பைக் காக்கும் நிபந்தனை விதிக்க 22-ஆம் பிரிவு மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. முழுத் தகட்டுக்கு அனுமதி கிடைப்பது அரிது.

நான் உங்களிடத்தில் இருந்தால் கழற்றுவேன். முகப்பின் உச்சியில் கட்டிய ஆண்டு பொறித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். பழைய செங்கல்லும் சுண்ணச்சாந்தும் ஈரத்தை வெளிவிட்டு மூச்சுவிடும் சுவர்கள். தகடு அடித்ததும் சன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துளைகள் அடைபட்டு, ஈரம் உள்ளே தங்கி, சாந்து பொரிந்து விழும். அலுமினியத்துக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த கூட்டுத்தகடாக இருந்தால் தீ பரவும் ஆபத்தும் உண்டு. கழற்றும்போது சுத்தியல் போடாமல் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். துளைகளை சிமெண்டால் அடைக்க வேண்டாம், சுண்ணச்சாந்தே பொருந்தும். கழற்றும் முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து மன்றத்துக்கு அனுப்புங்கள்.

பெயர்ப்பலகையை எளிதாகச் சரிசெய்யலாம். தமிழ் எழுத்துக்குத் தடையில்லை. மன்றங்களின் விளம்பரத் துணைச்சட்டங்கள் கேட்பது மலாய் எழுத்து மேலோங்கித் தெரிய வேண்டும் என்பதுதான். வணிக வகையை மலாயில் மேலே பெரிதாகவும், தமிழ்ப் பெயரைக் கீழே சற்றுச் சிறிதாகவும் வையுங்கள். எழுத்தளவு விகிதத்தை விளம்பர உரிமக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசகத்துக்கு, மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பு வந்த பிறகே விளக்கெழுத்துக்கு முன்பணம் கொடுங்கள். பலகைக்கு ஏற்ற இடம் அஞ்சடித் தூண்களுக்கு மேலும் மாடிச் சன்னலுக்குக் கீழும் உள்ள பட்டை. துணைச்சட்ட மீறலுக்கு உச்சத் தண்டனை 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை அல்லது இரண்டும்.

உரிமத்தைக் காரணம் சொல்லாமலே ரத்துசெய்ய ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மறுத்தால், மன்றத்தின் முடிவு சட்டப்படி சரியா என்று ஆராயும் நீதிப்பரிசீலனையை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள், அந்த வழக்கைத் தொடர நீதிமன்ற அனுமதி கேட்கும் மனு போட வேண்டும்.

உரிமையாளர் முழுமையாக ஒதுங்க முடியாது. 27-ஆம் பிரிவு நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் போகும். அவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பமும் நகராது. ஆனால் செலவு வேறு விஷயம். மாற்றம் செய்ய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்து, நீங்கள் வாங்கவில்லை என்றால் கழற்றும் செலவு உங்களுடையது. முன்வைப்புத் தொகையிலிருந்து அவர் பிடிக்கவும் பார்ப்பார். "செய்துகொள்ளுங்கள்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். செலவைப் பகிரும்படி கேட்க உங்களிடம் உள்ள சான்று அதுவே.