சின்ன முட்டை இட்டால் நோஞ்சான் குருவியா?

கேள்வி: வீட்டுத் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிக்காக இரண்டு பெட்டி கட்டியிருக்கிறேன். ஒன்றில் முட்டைகள் நன்றாகப் பெருத்திருக்கின்றன. இன்னொன்றில் எல்லாமே சிறுத்துக் கிடக்கின்றன. பாவம், அதற்குச் சத்துப் போதவில்லை போலிருக்கிறது. கோழிக்குப் போடுவது மாதிரி கருவாட்டுத்தூள் வைக்கலாமா? சின்ன முட்டைகளை எடுத்துவிட்டால் அடுத்த தடவை பெரிதாக இடுமா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: எடுக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் கையே விடாதீர்கள். ஒரு சிட்டுக்குருவி இடும் நாலைந்து முட்டைகளைச் சேர்த்து நிறுத்தால் அதன் உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி வரும். அவ்வளவையும் பறித்துக்கொண்டு, 'இன்னொரு தடவை பெரிதாகப் போடு' என்பது என்ன நியாயம்? காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

சரி, சத்து விஷயத்துக்கு வருகிறேன். முட்டை சிறுத்தால் பட்டினி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பறவைகளில் ஒரே இனத்துக்குள் மிகப் பெரிய முட்டை மிகச் சிறியதைவிட ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம். இரண்டு மடங்கும் உண்டு. இந்த வித்தியாசத்தில் சுமார் 70 சதவீதம் பெட்டைக்குப் பெட்டை உள்ள வித்தியாசம். ஒரே பெட்டை இடுபவை ஏறக்குறைய ஒரே அளவுதான். பல இனங்களுக்குக் கூடுதல் தீனி வைத்துப் பார்த்தாயிற்று. முட்டையிடும் நாள் முன்னால் வந்ததே தவிர, அளவு பெரும்பாலும் அசைந்து கொடுக்கவில்லை.

சரி, உடம்பில் சத்து அதிகம் ஓடினால் முட்டை பெருக்குமா? மஞ்சள் கருவுக்கான கொழுப்பையும் புரதத்தையும் கல்லீரல் செய்து இரத்தத்தில் விடுகிறது. இடது பக்கச் சூலகத்தில் வளரும் மஞ்சள் கருக்கள் அதை உறிஞ்சுகின்றன. நாளைக்கு ஒரு முட்டை என்பதால், ஒன்று முற்றி நிற்கும்போது அடுத்தது அதைவிடச் சிறிதாக, அதற்கடுத்தது இன்னும் சிறிதாக, வரிசை கட்டி வளர்கின்றன. கோழிக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும் இந்த வளர்ச்சி, சிறு குருவிகளில் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடுகிறது. கொழுப்பில் கரையும் சாயத்தைத் தீனியில் கலந்து கொடுத்து, அந்த முட்டையை அவித்துக் குறுக்கே நறுக்கினால் கருவுக்குள் வண்ண வளையம் தெரியும். நாள் கணக்கை அப்படித்தான் பிடித்தார்கள்.

நம் மைனாவின் உறவுக்காரப் பறவை ஸ்டார்லிங். கனடாவில் டோனி வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதன் இரத்தத்தைப் பார்த்தபோது, மஞ்சள் கருவுக்கான புரதம் பெட்டைக்குப் பெட்டை பல மடங்கு வேறுபட்டது. ஆனால் அது அதிகம் ஓடியது என்பதற்காக முட்டை பெரிதாகிவிடவில்லை. ஆக, உங்கள் சின்ன முட்டைக்காரி நோயாளி என்று நினைக்க வேண்டாம். அவள் உடல்வாகு அப்படி.

கருவாட்டுத்தூள் வேண்டவே வேண்டாம். அந்த உப்பு சிறு பறவைக்கு ஆகாது. ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் கிளிஞ்சல் போடுங்கள். ஓட்டுக்கான சுண்ணாம்பைச் சிறு பறவைகள் உடம்பில் பெரிதாகச் சேர்த்து வைப்பதில்லை. முட்டையிடும் நாட்களிலேயே தேடித் தின்கின்றன. நெதர்லாந்தில் நத்தை அருகிப்போன காடுகளில் பட்டாணிக்குருவிகள் ஓடு மெலிந்த முட்டை இட்டதைக் கண்டிருக்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் உங்களுக்குக் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, காயவைத்து, குருணையாக இடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம், குஞ்சு பொரித்து அது பறந்து போகும்வரை வீட்டைச் சுற்றிப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். குஞ்சுக்கு அந்தப் பூச்சிதான் சோறு.