பிறந்தநாள் வரிசையில் நிற்காதவர்கள்

அன்புள்ள அண்ணன்,

ஸ்தோத்திரம். நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அந்த மாதம் பிறந்தநாள், திருமண நாள் வருகிறவர்களை முன்னால் அழைத்து ஜெபிப்பார்கள். காணிக்கை உறையைப் போட்டுவிட்டு வரிசையாக நிற்போம். படம் எடுத்து அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். கடந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் நிறைய நடந்தது. மகன் தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சி முடித்து அணிவகுப்பில் நடந்தான். மகளுக்குத் திடப்படுத்தல், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு, ஆனது. எங்களுக்கு இருபதாம் திருமண நாள். எல்லாவற்றையும் ‘கர்த்தருடைய கிருபை’ என்று எழுதிப் போட்டேன்.

உட்லண்ட்ஸில் இருக்கும் என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. குழந்தை இல்லை. அணிவகுப்புப் படத்தைப் போட்ட அன்று இரவு அவர் குழுவிலிருந்து சொல்லாமல் வெளியேறிவிட்டார். போனில் கேட்டால், “ஒன்றுமில்லை, மெசேஜ் அதிகமாக வருகிறது” என்கிறார். நான் நன்றிதானே சொன்னேன், அது எப்படிப் பெருமையடிப்பதாகும்? வேறொரு சபைக்குப் போகும் என் தம்பியோ, பிறந்தநாள் கொண்டாடுவதே வேதத்தில் இல்லாத வழக்கம், அதனால் வந்த வினை இது என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

தம்பியை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அவர் சொல்வதில் பாதி சரி. வேதாகமத்தில் பிறந்தநாள் விருந்து என்று தெளிவாக வருவது இரண்டுதான். ஆதியாகமம் 40இல் பார்வோனுடையது. அன்றைக்குச் சுயம்பாகிகளின், அதாவது அப்பம் சுடுகிறவர்களின், தலைவனைத் தூக்கில் போட்டான். சுவிசேஷத்தில் ஏரோதுடையது. அன்றைக்கு யோவான்ஸ்நானனின் தலை தட்டில் வந்தது. மூன்றாம் நூற்றாண்டில் சபைப் போதகர் ஓரிகன் இதையே காட்டி, பரிசுத்தவான்கள் யாரும் தங்கள் பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை என்று பிரசங்கித்தார். இரத்தசாட்சிகள் இறந்த நாளைத்தான் ஆதிச் சபை அவர்களுடைய பிறந்தநாள் என்று சொன்னது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரண்டு விருந்திலும் ஆளைக் கொன்றவன் அரசன், அதற்குக் கேக் என்ன செய்யும்? தம்பி வராவிட்டால் மற்றவர்களுக்கு ஒரு துண்டு கூடுதல், அவ்வளவுதான். அக்கா குழுவை விட்டுப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நானும் பிறந்தநாள் வரிசையில் நின்று வளர்ந்தவன்தான். 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இப்போதைய கேகேயில், பிறந்தேன். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனையானது. நாளுக்கு நூற்றுக்கும் மேல். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். “கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தொழுவத்தில் பிறப்பது குறைச்சலா?” என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறந்தநாள் காலையில் அம்மா தலையில் கைவைத்து ஜெபிப்பார். கேசரி கிண்டி, முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்குப் போன பிறகுதான் எனக்கு. அப்படி வளர்ந்தவன், நன்றி சொல்வதை நிறுத்துங்கள் என்று உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் என் மகனுக்கு டெங்கி வந்து, ரத்த அணுக்கள் மளமளவென்று இறங்கி, ஒரு வாரம் கழித்துப் பிழைத்து வந்தான். அடுத்த ஞாயிறே சபையில் சாட்சி சொன்னேன். “ஜெபித்தோம், கர்த்தர் கைவிடவில்லை” என்றேன். குரல்கூடத் தழுதழுத்தது. ஆராதனை முடிந்து வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆன்ட்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின ஆண்டு மகனை விபத்தில் இழந்தவர். “பிள்ளை நல்லாயிருக்கட்டும் தம்பி” என்றார். கையை விடவில்லை. கொஞ்சம் பொறுத்து, “நாங்களும் ஜெபிச்சோம்” என்றார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேதாகமத்தில் பிள்ளை இல்லாத அன்னாளின் கதையை முதலிலிருந்து படித்தேன். பொதுவாக நாம் அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிற இடத்துக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு முன்னால் ஒரு சாப்பாடு இருக்கிறது. அவள் புருஷன் எல்க்கானா ஆண்டுதோறும் குடும்பத்தோடு ஆலயம் இருந்த சீலோவுக்குப் போய்ப் பலியிடுவான். இன்னொரு மனைவி பெனின்னாளுக்கும் அவளுடைய மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுப்பான். அன்னாளுக்கு இரட்டிப்பான பங்கு. அவன்மேல் குறை சொல்ல முடியாது, அவளை நேசித்தான். ஆனால் எவ்வளவு பெரிய பங்காக இருந்தாலும் அது ஒரு தட்டுதான். எதிரே வரிசையாகத் தட்டுகள். அவள் சாப்பிடாமல் அழுதது அந்தப் பந்தியில், அதுவும் வருஷந்தோறும். மற்ற நாட்களைச் சமாளித்துவிட்டிருப்பாள் போல.

நீங்கள் பெனின்னாள் இல்லை. அவள் வேண்டுமென்றே மனதை நோகடித்தாள். ஆனால் எதிரே இருக்கும் தட்டுகளை எண்ண, யாரும் குத்திக்காட்டத் தேவையில்லை. கண் தானாக எண்ணும். (“பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?” என்று எல்க்கானா கேட்கிறான். புருஷர்கள் அன்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அன்னாள் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை.)

ஒரு வேண்டுகோள்: இந்தக் கதையை அக்காவிடம் கொண்டுபோய்ச் சொல்லிவிடாதீர்கள். கடைசியில் அன்னாளுக்கு சாமுவேல் பிறந்துவிடுகிறான். அந்த முடிவை உங்கள் அக்கா இருபது ஆண்டாகப் பிரசங்கங்களில் கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்து, பிள்ளை இல்லாத பெண்களுக்கு அதைவிடக் களைப்பூட்டும் ஆறுதல் கிடையாது.

எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று கத்தோலிக்கர்களிடம் இருக்கிறது. சிறுவயதில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க ஆன்ட்டி சனிக்கிழமைகளில் என்னைத் தாம்சன் ரோட்டில் இருக்கும் புனித அல்போன்சஸ் ஆலயத்துக்குக் கூட்டிப்போவார். நொவீனா சர்ச் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், எம்ஆர்டி நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். அங்கே வந்திருக்கும் கடிதங்களை வாசிப்பார்கள். நன்றிக் கடிதங்களும் உண்டு, மன்றாட்டுக் கடிதங்களும் உண்டு. ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்னொருவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பெயர் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் மெதடிஸ்ட் வீட்டில் இதற்குக் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்தது. ஆனால் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டது எனக்கு அப்போதே பிடித்திருந்தது. நம்முடைய சாட்சி நேரத்தில் கிடைத்தவர்கள் மட்டும்தான் மைக் பிடிக்கிறோம். சங்கீதப் புத்தகம் அப்படி இல்லை. 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரோ பாடத்தானே சேர்த்து வைத்தார்கள்?

பாட்டியின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்து வெற்றுத் தாளில் குடும்பக் கணக்கு முழுவதும் எழுதியிருக்கிறார்: இன்னார் பிறந்தது, ஞானஸ்நானம், விவாகம். நடுவில் 1938இல் ஒரு பெண் குழந்தை. பெயர், பிறந்த தேதி, அதற்குப் பக்கத்தில் ஒன்பது நாள் தள்ளி இன்னொரு தேதி. அதே மை, அதே கையெழுத்து. அடுத்த வரியில் என் அப்பா பிறந்தது. அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். குழந்தையை பிடாடரியில் அடக்கம் செய்தார்களாம். 1908இல் திறந்த கல்லறை அது, 1972இல் மூடினார்கள். 2001 முதல் 2006 வரை தோண்டியெடுத்து, இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் நிற்கின்றன. இந்த ஊரில் மண்ணுக்குள் போனவர்களுக்கும் தவணை உண்டு. 1998இலிருந்து சுவா சூ காங் கல்லறையில் புதைத்தாலும் 15 ஆண்டுதான். ஆகவே அந்த ஒன்பது நாள் அத்தைக்கு மிஞ்சியிருக்கும் இடம் அந்த ஒரு வரிதான்.

அப்பா சொன்ன இன்னொரு விஷயம்: அந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்கும் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் காணிக்கை உறை போட்டாராம். முன்னால் போய் வரிசையில் நின்றதில்லை. உறையின்மேல் பெயரை மட்டும் எழுதி, பையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன். உங்கள் மகன், மகள், திருமண நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. அக்காவைப் பற்றி வயது, ஊர், குழந்தை இல்லை, இந்த மூன்றுதான். என்ன வேலை பார்க்கிறார், சிறுவயதில் உங்களுக்குத் தலை பின்னிவிட்டவரா, மீன் குழம்பு யார் நன்றாக வைப்பீர்கள், ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், வேண்டுமென்றே விட்டதல்ல. ஆனால் அந்தக் குழுவிலும் அவரைப் பற்றி இதே அளவுதான் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. அவருடைய பிறந்தநாள் எந்த மாதம்? கடைசியாக அவர் எப்போது முன்னால் போய் நின்றார்?

நீங்கள் செய்தது பெருமையடிப்பது என்று நான் நினைக்கவில்லை. படங்களை அழிக்க வேண்டாம். குழுவில் மன்னிப்பு கேட்டு எழுதவும் வேண்டாம், அது அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்துவதாகிவிடும். அவரைத் திரும்பக் குழுவில் சேர்க்கும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். “உனக்காக ஜெபிக்கிறோம்” என்பதையும் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள்.

ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் நான்காவது நிறுத்தம். வேலை நாளில் சாயங்காலமாக, பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகப் போய் வாருங்கள். கையில் ஏதாவது குழம்பு எடுத்துப் போங்கள். அவர் மகனைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். அப்புறம் எனக்கு எழுதுங்கள், மீன் குழம்பு விஷயம் இன்னும் தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணன்