தனிமொழியில் மேக்பெத் யாரிடம் பேசுகிறான்?

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' போன்ற துன்பியல் நாடகத்தை உயர்நிலை வகுப்பில் நடத்தும்போது, தனிமொழி (பாத்திரம் மேடையில் தனியே நின்று மனத்தில் உள்ளதைப் பேசுவது) வந்தால் மாணவர்கள் பொருளை எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் வரிக்கு வரி பொருள் சொல்லித்தான் நடத்தினேன். அவர்கள் அதையே தேர்வில் திருப்பித் தந்தார்கள். மேக்பெத் என்ற மனிதனை அவர்களும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

இப்போது ஒரே ஒரு தனிமொழிக்கு மூன்று வகுப்புகள் ஒதுக்குகிறேன். முதல் அங்கம், ஏழாம் காட்சி. உள்ளே அரசர் டங்கன் விருந்தில் இருக்கிறார். விருந்தளிக்கும் மேக்பெத் பாதியில் எழுந்து வந்து தனியே நிற்கிறான். இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு ஒன்று கேட்பேன்: தான் செய்யப்போவதை இவன் என்ன பெயரிட்டு அழைக்கிறான்?

பென்சிலோடு தேடுவார்கள். தொடக்கத்தில் வெறும் 'அது'தான். மூலத்தில் முதல் இரண்டு வரிகளுக்குள் 'டன்' (done, செய்து முடிந்தது) என்ற சொல் மூன்று முறை வருகிறது. செய்யப்போவது அரசரைக் கொல்வது, ஆனால் அது உடனே வாயில் வரவில்லை. 'கொலைகாரன்' என்ற சொல் பிறகு வருகிறது. 'அரசரின் கொலைகாரனுக்குக் கதவைச் சாத்த வேண்டியவன் நான், நானே கத்தியை ஏந்துவதா' என்னும் இடம் அது. அங்கே கொலைகாரன் வெளியே நிற்கும் வேறு யாரோ போல ஒலிக்கிறான். இதை எனக்குக் காட்டியது ஒரு மாணவி. அதுவரை எத்தனையோ முறை நடத்தியும் என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்த வகுப்பில் எழுந்து நடந்துகொண்டே வாசிக்கச் சொல்வேன். ஒவ்வொரு நிறுத்தக்குறியிலும் திசை மாற வேண்டும். மேக்பெத்தின் மனம் படும் பாடு அப்போது காலுக்குத் தெரியும். (நிறுத்தக்குறிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.) பிறகு ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மூன்று பக்கமும் நெருங்கி நிற்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில், பகல் வெளிச்சத்தில், பார்வையாளர்கள் அப்படித்தான் நின்றார்கள். நடிகர் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. நண்பனின் கண்ணைப் பார்த்து வாசித்து முடித்த ஒரு மாணவன், "இவன் தன்னைத் தடுத்து நிறுத்தச் சொல்லி நம்மிடம் கேட்கிறான்" என்றான். நான் எழுதிப்போட்ட எந்தக் குறிப்பும் இந்த அளவுக்கு நெருங்கியதில்லை.

ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் வரும் ஹேம்லெட்டின் 'இருப்பதா, இறப்பதா' தனிமொழியை முதலில் எடுக்காதீர்கள். முதல் வரி பலருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் எல்லாம் தெரிந்ததாக நினைத்துவிடுவார்கள். மேக்பெத்திடம் 'அது'வைத் தேடிப் பழகிய பிறகு அங்கே போனால், தன் காதலி ஒஃபீலியாவை ஹேம்லெட் காணும்வரை அந்தப் பேச்சில் 'நான்' என்ற சொல்லே இல்லை என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. தனிமொழியில் மேக்பெத் அடுக்கும் காரணங்களை ஒரு தாளில் எழுதச் சொல்வேன்: டங்கனுக்கு உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன், அவரோ நல்ல அரசர். செய்யத் தூண்டுவது பேராசை ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்துவிடுகிறாள், வாக்கியம் முடியாமலே நிற்கிறது. உடனே அவளிடம், 'இதில் மேற்கொண்டு போக வேண்டாம்' என்கிறான். அவளுக்கு அவன் சொல்லும் காரணங்களை அந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுத வேண்டும். அரசர் அண்மையில் என்னைப் பெருமைப்படுத்தினார். மக்கள் என்னை மெச்சுகிறார்கள். அவ்வளவுதான். நம்மிடம் சொன்னவற்றில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுக்கிறேன். பொருளுரையைப் பார்த்து எழுத அதில் வழியில்லை.